மூன்றாம் கிணற்றின் உவர்

நீர்வேலிக்கும் அச்சுவேலிக்கும் இடையில்
எத்தனை மோட்டர் தண்ணீர் இறைக்கிறது என்று
என்னைக் கேட்டால் சொல்வேன்.
மீற்றர் வாசிக்கிறவன் நான்.
ஆனியில் இலக்கங்கள் எகிறும்.

குகதாசனின் மீற்றர் முந்திரிகைப் பந்தலுக்கு அங்கால்.
குனிந்துதான் போகவேண்டும்,
நிமிர்ந்தால் குலை வாயில் முட்டும்.
நான் நிமிர்கிற ஆள்.
"வாசிச்சாச்சே?"
"ம்."
"வாய்க்குள்ளை என்ன?"
விழுங்கிவிட்டுச் சொல்வேன்:
"இருநூற்றுப் பதினேழு அலகு."

இந்த முறை தம்புள்ளை லொறி வரவில்லை.
அல்லது வந்து, ஒரு விலை சொல்லி, திரும்பிப் போனது.
அவன் இரண்டு விதமாகவும் சொல்கிறான்.
வெடித்த பழங்களை மெற்றில்டா
நீலக் கானுக்குள் பிசைந்து போட்டு
சீனி அள்ளிக் கொட்டி
வாயைப் பழஞ்சேலைத் துண்டால் கட்டி
உர மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள்.
நாற்பது நாள்.
ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று
ஊர் முழுக்கச் சொன்னாள்.

போன மாதம் போனபோது கான் கதைத்துக்கொண்டிருந்தது,
பூசை நேரத்தில் பின்வாங்கில் இருப்பவர்களைப் போல,
நிறுத்தி, பிறகு தாங்கமுடியாமல் இன்னொரு சொல்.

இன்று சனிக்கிழமை. எனக்குச் சீருடை இல்லை.
சோளகம் பனைகளின் தலையைப் பிடித்து உலுப்புகிறது.
என் பங்குக்குக் கறுத்தக்கொழும்பான் இரண்டு,
அணில் பார்க்காமல் விட்டவை.
சூசைநாயகம் முரலோடு வந்தான்,
உப்பும் தூளும் வீட்டிலேயே பிரட்டி.
பக்கத்துத் தோட்டத்துப் பவளராணி
நெஞ்சு வெடித்த வெள்ளரிப்பழமொன்றை
பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தாள்.
தோலில் இன்னும் மத்தியானச் சூடு.

வடித்து ஊற்றினார்கள்.
"பீற்றூட் கழுவின தண்ணி" என்றான் சூசைநாயகம்.
ஒரு வாய்.
நாக்கின் இரண்டு கரையும் சுருங்கின.
பிறகு சீனி, கொஞ்சம் பிந்தி வந்த விருந்தாளி.
அதற்கும் பிறகு, தொண்டைக்குள் இறங்குகிற இடத்தில்,
ஒரு உவர்.

அந்த உவரை எனக்குத் தெரியும்.
மூன்றாம் கிணறு.
கோடை முற்றினால் கடல் வந்து
அடியில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற கிணறு.
சுண்ணாம்புக்கல்லுக்குள் அது வந்த வழியை நான் கண்டதில்லை,
ஏறிவந்த அலகுகளை மட்டும் எழுதியிருக்கிறேன்.
இப்போது கையில் பிடித்திருப்பது
நான் எழுதிய கணக்குத்தானா?

மெற்றில்டா குவளையை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
"புளிச்சுப்போச்சு."
"புளிக்கத்தானே வைச்சனீ" என்றான் குகதாசன்.

சூசைநாயகம் கள்ளுக்குப் பிறந்த நாக்கு.
"பிளாவிலை குடிச்சால் நுரை மீசையிலை நிக்கவேணும்,
ஓலை மணக்கவேணும். இதிலை என்ன கிடக்கு?"
சொல்லிச் சொல்லி
மூன்றாம் முறையும் குவளையை நீட்டினான்.

மாம்பழம் முழங்கை வரை வடிந்தது.
அதன் மேல் வைன் குடித்தால் முகம் கோணுகிறது.
முரலின் மேல் குடித்தால் சரி.
மொறுமொறுத்த வாலும் ஒரு மிடறும், அவ்வளவு சரி.
வெள்ளரிப்பழத்துக்கு எதுவும் வேண்டாம், சர்க்கரை போதும்.
இவ்வளவையும் கண்டுபிடிக்க
எங்கள் நால்வருக்கும் பவளராணிக்கும்
இரண்டு மணித்தியாலம் சென்றது.
அவள் குடிப்பதில்லை. ஆனால் தீர்ப்பெல்லாம் அவளுடையது.

கரண்ட் போனது.
எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
"நான் வாசிக்கிறவன் மட்டும்தான்" என்றேன்.
வயலோரத்து மோட்டர்கள் ஒவ்வொன்றாய் மூச்சை விட,
வாய்க்காலில் கடைசித் தண்ணீர்
வாழையடிக்குப் போய்ச் சேரும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

இருட்டுக்குள்,
உர மூட்டைகளின் பக்கமிருந்து
ஒரு சொல்.
நிறுத்தி, இன்னொன்று.

ஒருவரும் அசையவில்லை.
"பல்லி" என்றாள் மெற்றில்டா.
"ஓம், பல்லி" என்று
குவளைகளைக் கீழே வைக்காமலே
நாங்கள் ஒத்துக்கொண்டோம்.